நிலை சீராக உள்ளது

அப்பா,

உங்கள் கம்பளிக் கோட்டை இந்த வாரம்தான் வெயிலில் போட்டேன். மார்கழியில் மலைமேல் வெயில் வருவதே அபூர்வம். வந்த ஒரு நாளை விட்டுவிடக் கூடாதென்று பெட்டியில் இருந்த கம்பளி, போர்வை எல்லாவற்றையும் அள்ளிக் கொண்டுபோய்ப் பாறைமேல் பரப்பினேன். கோட்டின் உள்பையில் நாலாக மடித்த முகக்கவசம் ஒன்று இருந்தது. நீலம் வெளுத்துப்போய், காதில் மாட்டும் நாடா தொட்டதும் பொடிப் பொடியாக உதிர்ந்தது. எடுத்து முகர்ந்து பார்த்தேன். யாராவது பார்த்திருந்தால் இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றிருப்பார்கள். தைலமும் கற்பூரமும் கலந்த உங்கள் நெடி அதில் இன்னும் இருந்தது, அல்லது இருப்பதாக நானே நினைத்துக்கொண்டேன். அப்படியே அந்தப் பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கு இரண்டு நாள் முன்புதான் தம்பி மெல்போர்னிலிருந்து கூப்பிட்டிருந்தான். வேலையை ராஜினாமா செய்துவிட்டுக் குடும்பத்தோடு திரும்பி வரப்போகிறானாம். அவன் மனைவிக்கு அங்கே நல்ல வேலை. மகள் பத்தாவது படிக்கிறாள். இரண்டு பேருக்கும் துளியும் விருப்பமில்லை. வீட்டில் தினமும் சண்டையாம். "எங்கப்பன் சாகறப்போ பாக்க உடாத ஊருங்கக்கா இது. இங்க இன்னும் எதுக்குக் குப்பை கொட்டோணும்?" என்றான். நீங்கள் போனதிலிருந்து அவன் வாயில் இந்த ஒரே பேச்சுத்தான். அந்த நாட்டைத் திட்டுவான், அடுத்து உங்களைப் பார்த்த டாக்டரைத் திட்டுவான். நான் இந்தப் பக்கம் ஊமையாக நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

இந்த முறை ஊமையாக இருக்க முடியவில்லை. நேற்று நானே அவனைக் கூப்பிட்டுப் பேசினேன். என்ன பேசினேன் என்பதை உங்களிடம் சொல்லியாக வேண்டும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முப்பத்தெட்டு வருஷம் நீங்கள் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தீர்கள். நம் ஊர் கொட்டச்சேட்டில் மலைக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவர் மிஷன் பள்ளியில் படித்து, மண்வெட்டி பிடிக்காமல் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தது நீங்கள்தான் முதல். அந்தப் பெருமை உங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது, மறுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நம் வீட்டு வாசலில் மனு எழுத ஆட்கள் நிற்பார்கள். லீவு வேண்டும், கூரை ஒழுகுகிறது, பிள்ளைக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு வேண்டும். சிலர் யாரையாவது பிடித்து எழுதியே கொண்டுவருவார்கள். அதைச் சிவப்புப் பேனாவால் அடித்துத் திருத்துவதில் உங்களுக்கு ஓர் ஆனந்தம். வீட்டுக்கு வரும் எந்தக் காகிதமும் உங்கள் கண்ணில் படாமல் போகாது. என் கல்யாணப் பத்திரிகையில்கூட இரண்டு இடத்தில் சிவப்புக் கோடு போட்டீர்கள்.

காப்பிப் பழம் பறிக்கும் ஓர் அம்மா அழுதுகொண்டே வந்தது எனக்கு நினைவிருக்கிறது. மாரமங்கலத்தில் அவளுடைய தாய் இழுத்துக்கொண்டு கிடந்தாள். "சாகக் கிடக்கிறாள்" என்று யாரோ எழுதிக் கொடுத்த மனுவை நீட்டினாள். நீங்கள் அந்த வரியை அடித்துவிட்டீர்கள். "சாகறாங்கன்னு எழுதுனா, போன மாசமும் இதேதான எழுதுனேன்னு கேப்பாரு. அழுகாச்சி லெட்டரு துரைக்கு ஆகாது சாமி," என்றீர்கள். தாய்க்குச் சற்று உடல்நலம் குறைவு, நேரில் பார்த்து வருவது நலம், திங்கட்கிழமை தவறாமல் வேலைக்கு வந்துவிடுவேன் என்று எழுதினீர்கள். எஸ்டேட் மேனேஜரான துரை தலை தூக்காமல் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மா போய்த் தாயின் வாயில் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாள். அடுத்த பருவத்தில் ஒரு கூடை ஆரஞ்சு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

எஸ்டேட் வேலிக்குள் நீங்கள் சொன்னது சரிதான். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

கொரோனாவின் இரண்டாவது அலை வந்த வைகாசியில்தான் உங்களுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. அந்த வருஷம் சேர்வராயன் கோயில் திருவிழா இல்லை, பஸ் இல்லை, தேவாலயத்தில் மணிகூட அடிக்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று நீங்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கினீர்கள். அம்மாவும் இல்லாத வீட்டில் உங்களைத் தனியாக விட முடியாமல் நான் மாரமங்கலத்தில் என் வீட்டுக்காரரையும் காட்டையும் விட்டுவிட்டு வந்து உங்களோடு இருந்தேன். ஏற்காட்டு டாக்டர் பார்த்துவிட்டு, இதயம் களைத்துப்போய்விட்டது என்றார். சேலத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் படுக்கை இல்லை. கொண்டுபோனால் வாசலிலேயே நோய் தொற்றிக்கொள்ளும், வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்றார். வெளியே வந்து என்னிடம் தனியாக, "பையனை வரச் சொல்லிருங்கம்மா. மாசக் கணக்கு இல்லீங்க, வாரக் கணக்குத்தான்," என்றார்.

வரச் சொல்லிவிடலாம். ஆனால் அவன் இருந்த நாட்டில் உள்ளே வரவும் தடை, வெளியே போகவும் தடை. அங்கேயே குடியிருப்பவன்கூட நாட்டைவிட்டுக் கிளம்ப அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். குடும்பத்தில் யாராவது உயிருக்குப் போராடினால் விதிவிலக்கு கேட்கலாம். அதற்கு நீங்கள் அவனுக்கு அப்பா என்று காட்ட வேண்டும், உங்களுக்கு நோய் என்று காட்ட வேண்டும். அவனுடைய பிறப்புச் சான்றில் பெயரே இல்லை, "ஆண் குழந்தை" என்று மட்டும் இருந்தது. பழைய பள்ளிச் சான்றைத் தேடி எடுத்து அனுப்பினேன். மிச்சம் இருந்தது டாக்டர் கடிதம் ஒன்றுதான்.

"அதுதான் உசுருங்கக்கா," என்றான் தம்பி. "என்ன நோவு, இன்னும் எத்தன நாளு, நான் எதுக்கு வரோணும், மூணும் பளிச்சுனு இருக்கோணும். ஒரு வார்த்த கொறஞ்சாலும் உடமாட்டாங்க. நொம்ப ஸ்ட்ராங்கா எழுதச் சொல்லுங்க."

டாக்டர் அப்படியே எழுதிக் கொடுத்தார். நோய் முற்றிய நிலை, சில வாரங்களுக்கு மேல் உயிர் தங்காது, மகன் உடனே வர வேண்டும். ஆங்கிலத்தில் இருந்தாலும் எனக்குப் புரிகிற ஆங்கிலம்தான். "அப்பாகிட்டக் காட்ட வேண்டாங்கம்மா," என்று சொல்லித்தான் கொடுத்தார். போனை உங்கள் பக்கத்தில் வைத்துவிட்டு ஏற்காட்டுக்குப் போயிருந்தேன், ஏதாவதென்றால் பக்கத்து வீட்டைக் கூப்பிட. அதனால் படம் எடுத்து அங்கிருந்தே அனுப்ப வழியில்லை. வீட்டுக்கு வந்து போனை எடுத்துக்கொண்டு, படம் போகும் அளவுக்குச் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். உங்களுக்குத்தான் காகிதம் என்றால் மூக்கில் வேர்த்துவிடுமே.

"என்ன கண்ணு அது கையில?"

"ஒண்ணுமில்லீங்கப்பா. தம்பிக்கு அனுப்பற லெட்டரு."

"டாக்டர் எழுதுனதா? கொண்டா, பாக்கலாம்."

"அப்புறம் பாக்கலாமுங்க. இப்பத்தான மாத்திரை போட்டீங்க."

"ஏன், எனக்கு இங்கிலீசு மறந்துபோச்சுன்னு நெனச்சியா?"

கொடுத்துவிட்டேன். கொடுக்காமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே ஒருமுறை படித்தீர்கள். திரும்பவும் மேலே போய் இன்னொரு முறை படித்தீர்கள். உங்கள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு பேனா கேட்டீர்கள். மடியில் பலகையை வைத்துக்கொண்டு, மனு திருத்துகிற அதே நிதானத்தோடு சிவப்புக் கோடுகள் போட்டீர்கள். முற்றிய நிலை என்பது போயிற்று. சில வாரங்கள் என்ற வரியே போயிற்று. ஓரத்தில் உங்கள் சாய்ந்த கையெழுத்தில், சிகிச்சை பெற்று வருகிறார், நிலை சீராக உள்ளது, மகன் வந்து பார்ப்பது நலம் என்று எழுதினீர்கள்.

"அழுகாச்சி லெட்டரு எந்தத் துரைக்கும் ஆகாது கண்ணு. அந்த ஊரு துரையும் துரைதான். டாக்டர இப்படி எழுதித் தரச் சொல்லு. கையெழுத்து வாங்குனதும் எங்கிட்டக் காட்டிட்டுத்தான் அனுப்போணும்."

"அது அப்படி இல்லீங்கப்பா," என்றேன். அது அப்படி இல்லை என்று விளக்க வேண்டுமானால், நீங்கள் சாகப்போகிறீர்கள் என்று அதில் இருந்தாக வேண்டும், இருந்தால்தான் உங்கள் மகன் வருவான் என்று உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். உயிரோடு உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் அப்படிப் பேசினால் அச்சானியம், கெட்ட சகுனம் என்று வளர்ந்தவள் நான். நீங்கள் அதைப் படித்தே விட்டீர்கள், பிறகு என்ன மறைக்க இருக்கிறது என்று இப்போது கேட்கலாம். அன்று எனக்கு அந்த யோசனை ஓடவில்லை. நீங்கள் அடித்துவிட்டதால் அது இல்லாமல் போய்விட்டது போலக்கூட ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிம்மதியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் அந்தக் காகிதத்தோடு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஏற்காடு ஏரிக்கு முன்னால் சாலையை அடைத்து வைத்திருந்தார்கள். முகக்கவசத்துக்கு மேல் கண் மட்டும் தெரிந்த போலீஸ்காரர் ஒருவர் லத்தியை நீட்டி நிறுத்தினார்.

"ஏனுங்க, ஊரடங்குன்னு தெரியாதுங்களா? எங்க போறீங்க?"

"டாக்டரைப் பாக்கோணுங்க."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. திருப்புங்க வண்டிய."

"எங்கப்பா சாகக் கிடக்கறாருங்க," என்றேன். எப்படி வந்ததென்று தெரியவில்லை, படாரென்று வந்துவிட்டது. அவர் போய்த் தடுப்பை இழுத்து ஓரமாக நிறுத்தினார். "பாத்துப் போங்கம்மா," என்று மட்டும் சொன்னார்.

கொஞ்ச தூரம் போய் வண்டியை நிறுத்தினேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்ல முடிந்தது. சொன்னதும் வழி கிடைத்தது. அந்த வார்த்தை அடிபட்டுச் சிவப்பாகக் கிடக்கும் காகிதம் என் பைக்குள் இருந்தது. எல்லாம் அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது அப்பா. விளங்காமல் தவறு செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை. அப்படியும் போய் டாக்டரிடம் நீங்கள் திருத்தியதைத்தான் நீட்டினேன்.

டாக்டர் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இத வெச்சு அவங்க உடுவாங்களாங்கம்மா?" என்றார். "அப்பா இப்படித்தான் வேணும்ங்கறாரு. காட்டாம அனுப்ப முடியாதுங்க," என்றேன். வெளியே மருந்துக்கு நாற்பது பேர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். "இன்னைக்கு நெலமைக்கு சீரா இருக்காருன்னு சொல்றதுல பொய் ஒண்ணும் இல்ல," என்று தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொல்லிவிட்டுப் புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு கடிதம் வாங்கி, ஒன்றை உங்களிடம் காட்டிவிட்டு இன்னொன்றை அனுப்பியிருக்கலாம். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தோன்றியிருக்கும். எனக்கு அந்தப் புத்தி பத்து நாள் கழித்துத்தான் வந்தது.

நீங்கள் அதைப் படித்துவிட்டு, "சுத்தமா இருக்கு," என்று தலையாட்டினீர்கள்.

படம் போய்ச் சேர்ந்த ஐந்தாவது நிமிஷம் தம்பி கூப்பிட்டான். "என்னக்கா இது? சீரா இருக்காருன்னு இருக்குது? இத வெச்சு நான் என்ன பண்றது?" நான் மேட்டில் நின்றுகொண்டு, "டாக்டர் அவ்வளவுதான் எழுதுவேன்னுட்டாருடா," என்றேன். ஒரே ஒரு பொய். அதைச் சொல்ல மூச்சு வாங்கக்கூட இல்லை. வேறு கடிதத்துக்குக் காத்திருந்தால் இன்னும் தாமதமாகும் என்று பயந்து அவன் அதையே அனுப்பினான்.

நான்காம் நாள் பதில் வந்தது. இரண்டே வரி. நோயாளியின் நிலை சீராக இருப்பதாகச் சான்று சொல்வதால், உடனே பயணம் செய்ய வேண்டிய காரணம் தெரியவில்லை. தம்பி டாக்டரைப் போனில் பிடித்து வாய்க்கு வந்தபடி ஏசினான். அந்த மனிதர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "மன்னிச்சுக்குங்க தம்பி," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம்.

உங்களிடம் பதில் இன்னும் வரவில்லை என்றே சொல்லிவந்தேன். "துரை மேசைக்குப் போக ஒரு வாரம் ஆகத்தான் செய்யும். அவசரப்பட்டா ஆகுமா?" என்று எனக்கு ஆறுதல் சொன்னீர்கள். அதற்குப் பிறகு நாற்காலியிலும் உட்கார முடியாமல் போயிற்று. தலையணைகளை அடுக்கிச் சாய்த்து வைத்தேன். காகிதத்தைக் கொடுத்தால் விரல் நழுவவிட்டது. அப்போதுதான் நான் திரும்ப ஏற்காட்டுக்கு ஓடினேன். டாக்டர் ஒன்றும் கேட்காமல், முதலில் எழுதியதையே இன்னும் கடுமையாக எழுதிக் கொடுத்தார். அங்கேயே நின்று அனுப்பினேன். அனுமதி மறுநாளே வந்துவிட்டது அப்பா. ஒரே நாள். முதல் கடிதமும் அப்படி இருந்திருந்தால் அவன் வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

விமானத்தில் எட்டு நாள் கழித்துத்தான் இடம் கிடைத்தது. நீங்கள் மூன்றாம் நாள் விடிகாலையில் போய்விட்டீர்கள். இருபது பேருக்கு மேல் கூடக் கூடாதென்று உத்தரவு. உங்களிடம் மனு எழுதிப் போனவர்களே ஊர் முழுக்க இருந்தார்கள். எல்லாரும் அவரவர் வாசலில் நின்று பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். அடக்கம் செய்யும் இடம் பள்ளத்தில் இருக்கிறதே, இறக்கத்தில் சிக்னல் நின்றுவிட்டது. படம் உறைந்துபோன இடத்தில் ஒரு பலா மரத்தின் அடி மட்டும் தெரிந்ததாம். மெல்போர்னில் இருட்டும்வரை அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததாகத் தம்பி எத்தனையோ முறை சொல்லிவிட்டான்.

இவ்வளவையும் நேற்று அவனிடம் சொன்னேன். டாக்டர் மேல் பழி போட்டது பொய் என்றேன். அப்பாதான் அடித்தார், நான்தான் அதை எடுத்துக்கொண்டு போனேன் என்றேன். போலீஸ்காரர் வழிவிட்டதையும் விடவில்லை.

"சிவப்புப் பேனாவுலயாக்கா?" என்றான் தம்பி.

"ஆமாண்டா."

"அழுகாச்சி லெட்டருன்னு சொன்னாரா?"

"சொன்னாரு."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே உடைந்துவிட்டான். "எஸ்டேட் துரைக்கு எழுதறாப்பலயே எழுதியிருக்காரு பாருங்கக்கா. பழக்கதோசம். பாவம், அவருக்கு என்ன தெரியும்." நீங்கள் போன பிறகு அவன் யாரையும் திட்டாமல் அழுது நேற்றுத்தான் கேட்டேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வேலையை விடுவதைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டு வைத்தான்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். ஒன்றை அவனிடமும் சொல்லவில்லை, இந்த மடலிலும் மேலே தாண்டி வந்துவிட்டேன். அன்றைக்குக் கடிதத்தை இரண்டாம் முறை படித்து முடித்ததும் நீங்கள் உடனே பேனா கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் கேட்டீர்கள்.

"தம்பி இங்க வந்துட்டான்னா, திரும்ப அங்க உள்ள உடுவாங்களா கண்ணு?"

"தெரியலீங்கப்பா. இங்க வந்தவங்க நெறையப் பேரு திரும்பிப் போக முடியாம மாட்டிக்கிட்டு இருக்காங்களாமா."

"அப்ப அவன் பொண்டாட்டி புள்ள?"

"அங்கதானுங்க."

"ம்" என்றீர்கள். பேனா கேட்டது அதற்குப் பிறகுதான். துரை, அழுகாச்சி லெட்டர் எல்லாம் அதற்குப் பிறகு வந்த பேச்சு.

பழக்கத்தில் அடித்தீர்களா, தெரிந்தே அடித்தீர்களா என்று அன்று உங்களைக் கேட்டிருக்க வேண்டியவள் நான். ஒரே ஒரு கேள்வி. நீங்கள் என்னிடம் மறைத்திருக்க மாட்டீர்கள். கேட்டால் நீங்கள் சாவதைப் பற்றி இரண்டு பேரும் பேசியாக வேண்டுமே என்று பயந்து நான் எழுந்து போனேன். அலமாரியில் பேனாவைத் தேடி எடுத்தேன். உங்கள் விரல்கள் வீங்கியிருந்தன என்று மூடியையும் நானே கழற்றி, உங்கள் கையில் கொடுத்தேன்.